சாவுக்கு நூறு ரூபாய்: எங்க ஊர் மரண உதவிச் சங்கத்துக்கு மூன்றரை நட்சத்திரம்

அப்பா போனது 2022 ஆடி மாசம், விடியக்காலம் நாலு நாற்பதுக்கு. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஐந்தேகாலுக்குச் சங்கத்துச் செயலாளர் குடையை மடக்கிக்கொண்டு திண்ணையில் ஏறினார். ரிட்டயர்டு வாத்தியார், ஊருக்கே அவர் ‘சார்’தான். கக்கத்தில் மஞ்சள் துணிப்பை. அதற்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ரெஜிஸ்டர், மைப்பெட்டி, ஐந்நூறு ரூபாய்த் தாளாக முப்பதாயிரம். நான் அழுதுகொண்டே கையெழுத்துப் போடப் போனேன். சார் பேனாவைத் தரவில்லை.

“எண்ணி வாங்கு பிள்ளே. அழுதுக்கிட்டே எண்ணினாலும் எண்ணணும். பொறவு போடலாம் ஒப்பு.”

அறுபது தாள். இரண்டு தடவை தப்பி, மூன்றாவது தடவை சரியாக எண்ணினேன். ஆறு மணிக்குள் பிரீசர் பெட்டி வந்துவிட்டது; ஆறரைக்குத் தார்ப்பாய்ப் பந்தலும் நூறு நாற்காலியும். ஷார்ஜாவில் இருக்கும் தம்பிக்கு டிக்கெட் கிடைப்பதற்கு முன்னால் முற்றத்தில் கட்டன்சாயா கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன்.

மிச்சம் ஒன்றரை நட்சத்திரம் எங்கே போச்சு என்பதைத்தான் எழுத வந்தேன். நான் கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தையில் தையல்கடை வைத்திருக்கிறேன். பி.காம். படித்தவள். அந்த ஒரு காரணத்துக்காக 2023-இல் சங்கத்துக்கு உள்தணிக்கையாளராகவும் போட்டார்கள். அதனால் வாசலில் இருந்தும் பார்த்திருக்கிறேன், அலமாரிக்கு உள்ளே இருந்தும் பார்த்திருக்கிறேன். சங்கத்தின் பெயரை எழுதப்போவதில்லை. கல்குளம் தாலுகாவில் இது மாதிரி ஊருக்கு ஊர் இருக்கிறது. பெயர் இல்லாவிட்டாலும் அவரவர் சங்கம் அவரவருக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்கு: சாவு வீட்டில் அன்றைக்கே ரொக்கம் கொடுப்பதற்காக ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துவது மரண உதவிச் சங்கம். எங்களுடையது 1987-இல் தொடங்கியது. அதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு சிரட்டை அரிசியும் ஒரு தேங்காயும் பிரித்துக் கொடுப்பார்களாம், அப்பா சொல்வார். இப்போது 412 குடும்பம். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் உண்டு; அடக்கமானாலும் சுடுகாடானாலும் பள்ளிவாசல் மையவாடியானாலும் தொகை ஒன்றுதான். குடும்பத்துக்கு ஒரு கார்டு. ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஒவ்வொரு கார்டுக்கும் நூறு ரூபாய். சாவு இல்லாத மாதம் பைசா கிடையாது. போன வருஷம் பதினேழு சாவு, நான் கட்டியது 1,700. அம்மா தவறிய 2009-இல் தலைக்கு முப்பது ரூபாய் பிரித்தார்கள், கையில் தந்தது பத்தாயிரம்.

கணக்கு வெளியில் இருந்து பார்த்தால் எளிது. 412 கார்டு, நூறு வீதம் 41,200. ஆனால் எந்தச் சாவுக்கும் முழுசாக வந்ததில்லை. வெளிநாட்டில் இருப்பவன், பூட்டின வீடு, ‘அடுத்த தடவை சேர்த்துத் தாறேன்’ என்பவர் எல்லாம் போக 36,000 பக்கம்தான் வரும். முப்பதாயிரம் முன்கூட்டியே சுழல் நிதியில் இருந்து போயிருக்கும். பிரித்து வருவது அதை அடைக்க. மிச்சம் ஆறாயிரத்தில்தான் பிரீசருக்குக் கரண்டு, நாற்காலி உடைந்தது, தார்ப்பாய் கிழிந்தது, பிரிக்கப் போகும் பையனுக்குப் படி. அதுவும் போக மீந்தது பேங்கில் டெபாசிட். இப்படி முப்பத்தைந்து வருஷமாகச் சேர்ந்தது கொஞ்சநஞ்சமல்ல. சங்கத்துக்குச் சோதனை வந்தது பைசா இல்லாமல் இல்லை, பைசா சேர்ந்ததனால்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. என் கடைக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள்: “எக்கா, பேங்கில வருஷத்துக்கு 436 ரூபாய் பிடிச்சா ரெண்டு லட்சம் தாறானே, நாம எதுக்கு இங்க ஆயிரத்து எழுநூறு கட்டணும்?” பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமாவைத்தான் சொல்கிறார்கள். நல்ல திட்டம், நானும் போட்டிருக்கிறேன், நீங்களும் போடுங்கள். ஆனால் அதில் சேர வயசு 18 முதல் 50. பாதுகாப்பு 55 வயசோடு நின்றுவிடும். அப்பாவுக்கு 81. எங்க ரெஜிஸ்டரில் போன வருஷத்துப் பதினேழு பேரில் 55-க்குக் கீழே இரண்டே பேர். அந்த இரண்டு லட்சம் உழைக்கிற ஆள் போனால் குடும்பம் நிற்பதற்கு. அதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும், பாரம் நிரப்ப வேண்டும், காத்திருக்க வேண்டும். இந்த முப்பதாயிரம் ஐந்தேகால் மணிக்கு மஞ்சள் பையில் வருவது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆனால் அந்தப் பிள்ளைகள் கேட்டதில் வயசு சம்பந்தமாக வேறொரு நியாயம் இருக்கிறது. மான்செஸ்டரில் நர்சாக இருக்கும் சித்தி மகளிடம் இந்தச் சங்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, “அக்கா, இங்கயும் இது உண்டு, ஃப்ரெண்ட்லி சொசைட்டின்னு பேரு, ஆட்ஃபெல்லோஸ்னு ஒண்ணு 1810-ல இருந்து இந்த ஊர்லயே இருக்கு” என்றாள். பிறகு நான் தேடிப் படித்தேன். தொழிலாளிகள் வாராவாரம் காசு போட்டு, படுத்துவிட்டால் உதவி, செத்தால் அடக்கச் செலவு. 1793-இலேயே இதற்கென்று ரோஸ் சட்டம் போட்டுவிட்டார்கள்: விதிகளை எழுதி மாவட்ட நீதிபதிகளிடம் ஒப்படைத்தால் சங்கப் பணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு. பிற்பாடு பதிவாளர் என்று தனியாக ஒருவர் வந்தார். ஜான் டிட் பிராட் என்பவர் 1870 வரை அந்த வேலையில் இருந்தார். சங்கப் பணம் பீருக்கும் விருந்துக்கும் போகிறது என்று அவர் புலம்பியதைப் படித்தபோது எங்க சங்கத்துச் சாயா வவுச்சர்கள் ஞாபகத்துக்கு வந்து சிரித்துவிட்டேன். தொகை சின்னது, ஆனால் குணம் அதேதான்.

அந்தச் சங்கங்கள் பலதும் முறிந்துபோனது திருட்டினால் மட்டும் இல்லை. இருபது வயசுக்காரனுக்கும் ஐம்பது வயசுக்காரனுக்கும் ஒரே சந்தா வைத்தார்கள். தொடங்கும்போது எல்லாரும் இளந்தாரி, செலவே இல்லை, பெட்டி நிறைந்தது. முப்பது வருஷம் கழித்து எல்லாரும் சேர்ந்து கிழவனானார்கள். புதுப் பையன்கள் ‘இந்தக் கிழவன்மாருக்கு நாங்க ஏன் கட்டணும்’ என்று பக்கத்துத் தெருவில் வேறு சங்கம் வைத்தார்கள். பழையதில் பைசா தீர்ந்தது. எங்க ரெஜிஸ்டரில் 1990-களில் வருஷத்துக்கு ஆறோ ஏழோ சாவு, இப்போது பதினேழு. புதுசாகக் கல்யாணம் ஆன பையன்கள் தனிக் கார்டு எடுக்க வேண்டும் என்பது விதி; கடைசி இரண்டு வருஷத்தில் எடுத்தவர்கள் ஒன்பது பேர். மற்றவன் எல்லாம் பெங்களூரிலும் துபாயிலும். அரை நட்சத்திரம் இதற்காகக் குறைக்கிறேன். கமிட்டியின் குற்றம் என்று முழுசாகச் சொல்ல மாட்டேன், ஆனால் ஐந்து வருஷமாகக் கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பேசவே இல்லை.

அடுத்த அரை நட்சத்திரம் என் சொந்தக் கோபம்.

கார்டு அப்பா பேரில் இருந்தது. கல்யாணம் ஒத்துவராமல் மகனையும் கூட்டிக்கொண்டு நான் வீட்டுக்குத் திரும்பியது 2011-இல். அன்று தொட்டு ஒவ்வொரு சாவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது நான். அப்பாவின் பதினாறு கழிந்து, கார்டை என் பேருக்கு மாற்றக் கேட்டேன். கமிட்டியில் ஒருவர், எனக்கு மாமா முறை, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“பெண்ணு பேருல கார்டு குடுக்கது வழக்கம் இல்ல மக்கா. தம்பி பேருல மாத்திருவோம். நீ அதுல இரி.”

“தம்பி ஷார்ஜால இருக்கான் மாமா. அவனுக்கு ஊர்ல வீடும் இல்ல.”

“இருந்தாலும் ஆம்பிள பேரு வேணும்லா.”

சண்டை போடத் தெரியாது எனக்கு. துணியைப் பார்த்துத்தான் வெட்டத் தெரியும். அதனால் துணைவிதிகளைக் கேட்டேன். சார் இரண்டு நாள் தேடி, 1987-இல் அச்சடித்த பன்னிரண்டு பக்கப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். காகிதம் பழுத்து, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தது. ஏழாவது விதி: ‘சங்க எல்லைக்குள் குடியிருக்கும் குடும்பத் தலைவர் எவரும் உறுப்பினராகலாம்.’ தலைவர். ஆண் என்றும் இல்லை, பெண் என்றும் இல்லை. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவராக என் போட்டோதான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின் அடித்து மனு கொடுத்தேன். ஏழு மாசம் ஆயிற்று. ‘அடுத்த கமிட்டியில்’ என்று நாலு தடவை. அந்த ஏழு மாசமும் நான் கட்டிய பைசாவுக்கு இறந்த அப்பாவின் பேரில் ரசீது எழுதினார்கள். கடைசியில் பொதுக்குழுவில் பேசினேன், கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். பின்வரிசையில் இருந்த பெண்கள் முதலில் தூக்கினதை நான் பார்த்தேன். இப்போது பெண் பேரில் பதினான்கு கார்டு இருக்கிறது. விதியை ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை, வாசித்தோம், அவ்வளவுதான்.

அந்தப் பொதுக்குழுவிலேயே ‘இவ்வளவு விதி பேசுகே, கணக்கையும் நீயே பாரு’ என்று தணிக்கை வேலையைத் தலையில் கட்டினார்கள். பழிவாங்கினதா பாராட்டினதா என்று இன்னும் தெரியவில்லை.

சங்கம் பதிவானது 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ். ஏழு பேர் இருந்தால் பதியலாம். பதிந்த பிறகுதான் வேலை: வருஷாவருஷம் பொதுக்குழு கூட்ட வேண்டும், நிதியாண்டு முடிந்து ஆறு மாசத்துக்குள் வரவு செலவையும் இருப்புநிலைக் குறிப்பையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் அதையும் எழுதிக்கொடுக்க வேண்டும். நான் அலமாரியைத் திறந்தபோது நாலு வருஷம் எதுவும் தாக்கல் ஆகவில்லை. பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், கட்டணம் கட்டி, எங்க கோப்பின் நகலை வாங்கிப் பார்த்தேன். அதில் பொருளாளர் என்று இருந்த பெயரைப் பார்த்ததும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் வீட்டுக்குச் சங்கம் முப்பதாயிரம் கொடுத்ததற்கு வவுச்சர் என் கையில் இருந்தது. அரசாங்கத்தின் கணக்கில் மனுஷன் இன்னும் எங்க பெட்டிச் சாவியை வைத்துக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: நாளைக்கு டெபாசிட்டைப் பற்றி ஒரு வழக்கு வந்தால், ‘நிர்வாகி நான்தான்’ என்று சொல்ல ஒருவருக்கும் காகிதம் கிடையாது.

இனி கிறிஸ்துமஸ் சீட்டு. இதைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் பொய்யாகிவிடும். எங்க பக்கத்தில் இது எல்லா ஊரிலும் உண்டு. ஜனவரி முதல் நவம்பர் வரை மாசம் ஐந்நூறு கட்டினால் டிசம்பரில் 5,500 ரூபாயும் ஒரு கிலோ அண்டிப்பருப்பும். (வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரிப்பருப்பு.) அடுத்து வந்த பொருளாளர் இதை அறுபது பேரை வைத்து நடத்தினார். அதில் தப்பு சொல்ல மாட்டேன், நானும் கட்டியிருக்கிறேன். ஆனால் மூன்று லட்சத்து முப்பதாயிரம் ரூபாயைச் சங்கத்தின் பேங்க் கணக்கிலேயே போட்டு எடுத்தார். நடுவில் ஒரு ரப்பர் வியாபாரிக்கு வட்டிக்கும் கொடுத்திருக்கிறார். மழை நின்று பால்வெட்டு நன்றாகத்தான் நடந்தது, ஆனால் வியாபாரி டிசம்பரில் கைவிரித்தார். சீட்டுக்காரர்களுக்குச் சங்கப் பணத்தில் இருந்து கொடுத்துச் சமாளித்தார்கள். பிப்ரவரிக் கடைசியில்தான் அந்தப் பைசா திரும்பி வந்தது.

அந்த இடைவெளியில் ஊரில் நாலு சாவு. ஒரு வீட்டுக்கும் தொகை தாமதம் ஆகவில்லை. எப்படி என்று வவுச்சர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் புரியவில்லை. பிறகு சார்தான் மெதுவாகச் சொன்னார்: பொருளாளர் பெண்சாதியின் தாலிச் செயினையும் இரண்டு வளையலையும் அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார். அடகுச் சீட்டும் காட்டினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனுஷனை நல்லவர் என்பதா கெட்டவர் என்பதா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். தணிக்கை அறிக்கையில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

பெயர்தான் சீட்டு. ஏலமும் இல்லை, குலுக்கலும் இல்லை. மாசாமாசம் வாங்கி வைத்து, பிறகு கூடுதலாக ஒன்று சேர்த்துத் திருப்பித் தருவதற்குச் சட்டத்தில் டெபாசிட் என்று பேர். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்து 2019-இலேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. சாவுக்கு உதவி செய்யப் பதிந்த சங்கத்தின் கணக்கில் இதைப் போட்டுப் புரட்டினால், நாளைக்கு ஒருவன் புகார் எழுதினால் சீட்டு மட்டும் மாட்டாது, பிரீசர் பெட்டியும் சேர்ந்து மாட்டும். சீமையில் இதே மாதிரி டிசம்பரில் பங்கு வைக்கிற சங்கத்துக்கு ஸ்லேட் கிளப் என்று பேராம், சிலேட்டில் கணக்கு எழுதுவதால். எங்களுடையது சிலேட்டில்கூட இல்லை, பொருளாளரின் டைரியில் இருந்தது. கடைசி அரை நட்சத்திரம் இங்கே போச்சு.

அறிக்கையை எழுதிக் கமிட்டியிடம் கொடுத்தேன். இரண்டு மாசம் சத்தம் இல்லை. பொதுக்குழுவில் வாசிக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அப்போது சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி என் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன்: உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கேட்டால் பதிவாளர் விசாரணை நடத்தலாம். கீழே, ‘412-இல் மூன்றில் ஒரு பங்கு = 138’ என்று மட்டும் எழுதினேன். கையெழுத்துக்கு நான் யாரையும் கூப்பிடவில்லை. பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவர்களே ‘இது என்ன பிள்ளே’ என்று கேட்டு, பேனாவும் கேட்டார்கள். தொண்ணூற்றி நாலு ஆனபோது கமிட்டி கூடிவிட்டது. பதிவாளர் வரைக்கும் போக வேண்டி வரவில்லை.

இப்போது சீட்டு தனி, சங்கம் தனி. நிலுவையில் இருந்த நாலு வருஷமும் அபராதத்தோடு தாக்கல் ஆகிவிட்டது. இறந்தவர் பெயர் கோப்பில் இருந்து போய்விட்டது. மூன்று பேர் கையெழுத்தில் இரண்டு இருந்தால்தான் பேங்கில் எடுக்க முடியும். வயசுக்கு ஏற்ப நுழைவுக் கட்டணம் வைக்க வேண்டும் என்று நான் கொண்டுபோன திருத்தம் தோற்றது. விதியைத் திருத்த, கூட்டத்துக்கு வந்தவர்களில் நாலில் மூணு பங்கு வேண்டும், பாதிதான் கிடைத்தது. இந்த வருஷமும் கொண்டுபோவேன்.

சில்லறைக் குறைகள்: பிரீசர் பெட்டியின் ஒரு கதவு சரியாக மூடாது, துணி வைத்து அடைக்க வேண்டியிருக்கிறது. நாற்காலியில் நாற்பதுக்குக் காலில் ரப்பர் இல்லை. சிமிண்டுத் தரையில் இழுத்தால் சாவு வீட்டில் அந்தக் கிறீச்சுச் சத்தம் பொறுக்காது. பிரிக்க வரும் பையன் நல்ல பையன், ஆனால் ரசீதுப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவான்.

சேர நினைப்பவர்களுக்கு: சங்க எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். வயசு 55-க்குள். நுழைவுக் கட்டணம் ஐந்நூறு. சேர்ந்து ஆறு மாசம் கழித்துத்தான் உதவி கிடைக்கும், விபத்துக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை. தொடர்ந்து மூன்று சாவுக்குக் கட்டாவிட்டால் கார்டு நிறுத்தம். அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை நாலு முதல் ஆறு வரை; ரேஷன் கார்டு நகல் ஒன்று, போட்டோ இரண்டு. யார் பேரில் கார்டு என்று கேட்பார்கள், ரேஷன் கார்டில் யார் போட்டோ இருக்கிறதோ அவர் பேரைச் சொல்லுங்கள். துணைவிதிப் புத்தகம் அங்கே தீர்ந்துபோச்சு என்பார்கள். என் கடையில் ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு பக்கம், எதிர்க்கடையில் நகல் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து தந்துவிடுங்கள்.